பொதுவில் விட்ட நாலடி

தேவகோட்டை, சிமெண்ட் கோர்ட், இரவு எட்டரை.
மழை விட்டதும் ஈசல் கிளம்பிவிட்டது.
பந்தைத் தட்டினால் ரெண்டு இறக்கை
உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது.
பாதி ஆட்டம் முடிந்தது: முப்பத்தொன்று, பதினாலு.
பதினாலு எங்களுடையது.
கோச்சுக்கு டெங்கு. அவருக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க
தண்ணீர்க் கேனைச் சுற்றி நாங்கள் அஞ்சு பேர்,
பெஞ்சில் கணுக்காலில் ஐஸோடு ஒருத்தி.

மானாமதுரைக்காரிகள் ஆளைப் பிடிப்பதில்லை,
இடத்தைப் பிடிக்கிறார்கள்.
முன்னால் ரெண்டு, பின்னால் மூணு.
கையை விரித்துவிட்டால் கருவேல வேலி.
நடுவில் நிற்கும் அந்த ஆறடிக்காரி
ரிங்குக்குக் கீழே பட்டா வாங்கியவள் மாதிரி;
நமக்கோ அங்கே மூன்று நொடிதான் வாடகை.
முதல் பாதி முழுக்க நான் தட்டித் தட்டி உள்ளே போனேன்.
போன இடத்திலெல்லாம் நாலு கை.
சிகப்பி தூரத்திலிருந்து ஒன்பது தடவை எறிந்தாள்.
ஒன்று விழுந்தது.

பகலில் நான் சர்வேயருக்கு நாடா பிடிப்பவள்.
போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு வீடு, பதினேழு பங்கு.
முகப்பிலிருந்து பின்வாசல் வரை சுண்ணாம்புக் கோடு;
கோட்டுக்குள் குண்டூசி விழுந்தாலும் வக்கீல் நோட்டீஸ்.
வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே மட்டும்
நாலடி நடை. வரைபடத்தில் ‘பொது’.
அங்கே ஒரு நாய் குட்டி போட்டு மூணு வாரம்.
பதினேழு பேரில் ஒருவருக்கும் தெரியாது.
அடுத்த பங்குக்காரர் பார்ப்பார் என்று எல்லாரும்.

இதைச் சொன்னேன்.
“நாயை விடுடி, பந்துக்கு வா” என்றாள் ஜெசிந்தா.

ஐஸ் கட்டியை எடுத்துச் சிமெண்டில் ஈரமாக இழுத்தேன்.
அவர்கள் முன்னால் ரெண்டு பேர் நின்றால்
நாம் முன்னால் ஒருத்தி: நான், அந்த ரெண்டுக்கும் நடுவில்.
நீ போ, நான் போறேன் என்று கண்ணாலே ஒரு பேச்சு நடக்கும்.
அது முடிவதற்குள் உமையாள்
ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஏறி வரணும்.
நின்றுகொண்டிருக்கக் கூடாது, வரணும்.
பந்து கைக்கு வந்ததும் ரிங்கைப் பார்த்துத் திரும்பு,
ஆறடிக்காரி பட்டாவை விட்டு இறங்கியே ஆகணும்.
ரம்ஜானா, நீ கடைசிக் கோட்டு ஓரமாய்
அவள் முதுகுக்குப் பின்னால் அலைந்துகொண்டே இரு.
சிகப்பி எறியலாம்,
பந்து உள்ளே போய் வெளியே வந்த பிறகு.
யாரும் தட்டாதீங்க. பந்துக்கு மூச்சு வாங்காது,
அவர்களுக்கு வாங்கும்.
ஈரம் காய்வதற்குள் விசில்.

முதல் தடவை ஜெசிந்தாவின் பாஸ்
விளக்குக் கம்பத்தில் பட்டது. ஈசல் கொட்டியது, ஆள்கள் சிரித்தார்கள்.
இரண்டாவது தடவை உமையாள் வந்தாள், பந்து போகவில்லை.
அது என் தப்பு.
மூன்றாவது தடவை
போனது. திரும்பினாள். ஆறடி ஒரு எட்டு முன்னே வைத்தது.
அவள் கக்கத்துக்கு அடியில் ஒரு தரைப் பாஸ்,
ரம்ஜானா தனியாக.
அவ்வளவு தனிமையை எதிர்பார்க்காதவள் போல
பலகையைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டுப் போட்டாள்.

அப்புறம் அவர்கள் சுருங்கினார்கள்.
இடது மூலையைப் பார்த்தபடியே நான் தலைக்கு மேலே
வலது மூலைக்கு வீச, வேலி முழுக்கத் திரும்பி ஓடியது,
சிகப்பி கால் ஊன்றி எறிய நேரம் இருந்தது.
மூன்று புள்ளி. மறுபடி மூன்று.
அடுத்து நான் ரெண்டு பங்குக்கு நடுவில் நுழைந்து
ரெண்டு பேரையும் என்மேல் வரவிட்டு
ஜெசிந்தாவுக்குத் தள்ளினேன்.

நாற்பத்து நாலு, முப்பத்தொன்பது. நாலு நிமிஷம் பாக்கி.
அவர்கள் டைம் அவுட் கேட்டார்கள்.

திரும்பி வந்தபோது வேலி இல்லை.
ஆளுக்கு ஓர் ஆள்.
எனக்கு வந்தவள் ஒல்லி, மேலுதட்டில் வியர்வை.
இவ்வளவு நேரம் என் வழியை மட்டும் பார்த்தவள்
இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள்.
“பேரென்ன?” என்றாள்,
பந்துக்குக் கையை நீட்டிக்கொண்டே.

சொன்னேன்.
சொல்லிக்கொண்டே வலது பக்கம் காட்டி
இடது பக்கம் போனேன்.
கூடவே வந்தாள்.